சென்னைக்கு வந்த வினா: சார்லஸ் டார்வின், வால்ட்டர் எலியட் ஆகியோரின் வாசிப்பும் கடிதத் தொடர்பும்

நமது இறையியல் கல்லூரிகளில் சார்லஸ் டார்வினின் பெயர் பெரும்பாலும் ஒரு விவாதத்தின் தலைப்பாகவே ஒலிக்கின்றது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களை விளக்கும் வகுப்பில் அவர் எதிர்த்தரப்பாக நிறுத்தப்படுகிறார். வாலிபர் கூடுகைகளில் அவரை மறுப்பதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுவதும் உண்டு. அவ்விவாதத்தை இங்கு நாம் தொடரப் போவதில்லை. அவர் எவ்வாறு வாசித்தார், யார் யாருக்குக் கடிதம் எழுதினார், அவருக்கு விடையளித்தோர் யாவர் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அவரைப் பற்றிப் பேசுவோர் பலர். அவருடைய கடிதங்களைப் படித்தோர் சிலரே. ஆதலின் இவ்வரலாற்றை ஒரு முறை ஒழுங்காக நோக்குதல் நன்று.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்ட அவருடைய வினாக்களில் ஒன்று சென்னைக்கும் வந்தது. அதைப் பெற்றவர் வால்ட்டர் எலியட் (1803-1887). அவரும் இயற்கை நூலறிஞரே, தமிழ் கற்றவர். விக்டோரியா அரசியின் காலத்து இவ்விருவரின் வாசிப்பையும் கடிதங்களையும் ஒருங்கே வைத்து நோக்குங்கால், பிரசங்கத்துக்கென நூல்களைப் புரட்டும் நம் அனைவருக்கும் உரிய ஒரு கேள்வி எழுகின்றது.

குருத்துவத்துக்கென அனுப்பப்பட்ட மாணவர்

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் கற்கச் சென்று, அதில் மனம் ஒட்டாமையால் இடையில் நின்றார். பின்னர் அவருடைய தந்தையார் அவரை ஆங்கிலிக்கன் சபையின் குருவாக்கக் கருதிக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே 1828 முதல் 1831 வரை பயின்றார். தேர்வுக்கென வைக்கப்பட்ட நூல்களுள் வில்லியம் பேலி எழுதிய கிறிஸ்தவச் சான்றுகள் பற்றிய நூலும் ஒன்று. அந்நூலின் தருக்க அமைப்பு, யூக்ளிடின் வடிவகணிதத்தைப் போலவே தமக்கு இன்பமளித்ததாக அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

அவருடைய மனத்தை உருவாக்கிய நூல்களைப் பட்டியலிட்டால், அவற்றை எழுதியோருள் சபைக் குருமார் பலர் இருத்தலைக் காண்கிறோம். சிறுவயதில் பறவைகளை உற்றுநோக்கத் தூண்டிய செல்போர்ன் ஊரின் இயற்கை வரலாற்றை எழுதிய கில்பர்ட் உவைட் ஒரு குரு. 1838ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் வாசித்து, தம் கொள்கைக்குத் திறவுகோல் கண்ட மக்கட்பெருக்க நூலின் ஆசிரியர் மால்தஸும் குருப்பட்டம் பெற்றவரே. கேம்பிரிட்ஜில் அவருக்குத் தாவரவியலை அறிமுகப்படுத்தி, பீகிள் கப்பற்பயணத்துக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஹென்ஸ்லோவும் குருவானவர். திருச்சபையின் நூலகத்திலிருந்தே அவருடைய வாசிப்பு தொடங்கிற்று எனல் மிகையாகாது.

பீகிள் கப்பல் 1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் புறப்பட்டு, 1836ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இங்கிலாந்து திரும்பியது. அக்கப்பலில் ஏறத்தாழ 400 நூல்கள் இருந்தன; அவை வைக்கப்பட்டிருந்த சிற்றறையிலேயே அவர் உறங்கினார். கரையிறங்கி உள்நாட்டில் பயணம் செய்கையில் ஒரு நூலை மட்டும் எடுத்துச் செல்ல இயலுமாயின், மில்டனின் காவியத்தையே அவர் தேர்ந்தார். பயணத்தினின்று ஹென்ஸ்லோவுக்கு அவர் எழுதிய கடிதங்களின் பகுதிகள் 1835இல் கேம்பிரிட்ஜில் அச்சிடப்பட்டன. எனவே அவர் நாடு திரும்பு முன்னரே அவருடைய கடிதங்கள் அவருக்குப் பெயர் தேடித் தந்திருந்தன. டஹீட்டியிலும் நியூசிலாந்திலும் அருட்பணியாளர் செய்த ஊழியத்தை ஆதரித்து, கப்பற்தலைவர் பிட்ஸ்ராயுடன் சேர்ந்து அவர் எழுதிய மடல் 1836இல் தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்தவ ஏடு ஒன்றில் வெளிவந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

புத்தகத்தைக் கருவியாகக் கொண்டவர்

அவருடைய வாசிப்பு முறையைப் பற்றி அவருடைய மகன் பிரான்சிஸ் விரிவாக எழுதியுள்ளார். டார்வினுக்குப் புத்தகம் என்பது தச்சனுக்கு உளி போன்றது. அதன் அழகை அவர் பேணவில்லை. கையில் தாங்க முடியாத அளவு கனமான நூலாயின், நடுவே இரண்டாக வெட்டிக்கொள்வார். சிறு வெளியீடுகளில் தமக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைக் கிழித்தெறிவார். வாசிக்கும்போது ஓரங்களில் பென்சிலால் கோடிட்டு, நூலின் இறுதியில் அப்பக்க எண்களைக் குறித்து வைப்பார். பின்னர் அக்குறிப்புகளைக் கொண்டு சுருக்கம் எழுதி, பொருள்வாரியாக அமைந்த உறைகளில் சேர்ப்பார். அத்தகைய உறைகள் 30 முதல் 40 வரை இருந்தன. புதிய பொருள் ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்குமுன், அவ்வுறைகளைத் திறந்து பார்த்தால் வாழ்நாள் முழுவதும் திரட்டியவை ஆயத்தமாகக் கிடைக்கும்.

1838 முதல் 1860 வரை, தாம் வாசித்தவற்றையும் வாசிக்க வேண்டியவற்றையும் குறிப்பேடுகளில் பதிவு செய்து வந்தார். செருமானிய மொழி அவருக்குப் பெருந்துன்பம் தந்தது. அகராதியைத் துணைக்கொண்டு, ஒரு நாளைக்குச் சில பக்கங்களாக, விடாமுயற்சியால் மட்டுமே அதனைப் படித்தார். தாம் செருமானியம் கற்கத் தொடங்கிவிட்டதாக நண்பர் ஜோசப் ஹூக்கரிடம் அவர் பெருமையாகக் கூற, அதைத் தாம் எத்தனையோ முறை தொடங்கியிருப்பதாக ஹூக்கர் விடையிறுத்தாராம். கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு இச்செய்தி ஆறுதல் அளிக்கலாம்.

இவை யாவற்றினும் மேலாக நாம் கருத வேண்டியது, தம் தன்வரலாற்றில் அவர் பொன்விதியெனக் குறிப்பிடும் ஒரு பழக்கமாகும். தம் கொள்கைக்கு மாறான செய்தியோ கருத்தோ கண்ணிற்படின், அதை அந்த நொடியிலேயே எழுதி வைத்துவிடுவார். நமக்குச் சாதகமானவை நினைவில் தங்கிவிடுகின்றன. பாதகமானவை விரைவில் மறந்துபோகின்றன என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார். இதனால்தான் அவருடைய நூலுக்கு எதிராக எழுப்பப்பட்ட தடைகளுள் பெரும்பாலானவற்றை அவரே முன்னதாக எண்ணிப் பார்த்திருந்தார்.

நாள்தோறும் எழுதிய கடிதங்கள்

1842இல் டவுண் என்னும் சிற்றூரில் குடியேறிய பின், உடல்நலக் குறைவால் அவர் நெடும்பயணங்களைத் தவிர்த்தார். அவருக்கும் உலகுக்கும் பாலமாக நின்றது தபால். காலையில் வேலைக்கு நடுவே வந்த கடிதங்களைப் பார்ப்பார். பிற்பகலில் செய்தித்தாளை வாசித்த பின், கணப்பின் அருகே பெரிய நாற்காலியில் அமர்ந்து, பலகையொன்றைத் தாங்கலாகக் கொண்டு விடை எழுதுவார். அறிமுகமில்லாதோர் எழுதிய பொருளற்ற கடிதங்களுக்கும் விடையளித்தார்; விடையளிக்காவிடின் அது மனச்சான்றை உறுத்தியதாம்.

நம் வீடுகளில் கடிதங்களைக் கம்பியில் கோத்து வைத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். டார்வினும் அவ்வாறே செய்தார். கம்பிகள் நிறைந்ததும் பழையவற்றை எரித்துவிடுவார். 1862க்குப் பின்னரே சுவையான கடிதங்களையேனும் பாதுகாக்கத் தொடங்கினார். அவர் எழுதியனவும் பெற்றனவுமாக இன்று அறியப்படும் கடிதங்கள் சுமார் 15,000. அவற்றைத் தொகுக்கும் பணி 1974இல் தொடங்கி, முதல் தொகுதி 1985இல் வெளிவந்து, இன்று 30 தொகுதிகளாக நிறைவுற்றுள்ளது. கடிதத் தொடர்பு கொண்டோர் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களுள் பேராசிரியர் உண்டு. தோட்டக்காரர், புறா வளர்ப்போர், கப்பல் அதிகாரிகள், அருட்பணியாளர் ஆகியோரும் உண்டு. தாம் அறியாத ஒன்றை, அறிந்தவர் எவராயினும் அவரிடம் கேட்பதற்கு அவர் நாணவில்லை.

சென்னைக்கு வந்த வினா

கடிதங்களால் அறிவு வளர்க்கும் வழக்கம் நம் கரைக்குப் புதிதன்று. லின்னேயஸின் மாணவரான கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த பின், அங்கிருந்த லுத்தரன் அருட்பணியாளரிடையே தாவரங்களைத் திரட்டி ஐரோப்பாவுக்கு எழுதும் பழக்கம் வேரூன்றிற்று. கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், யோவான் பேதுரு ராட்லர் ஆகியோர் அவ்வழியில் நின்றோர். தமிழ்-ஆங்கில அகராதியால் நாம் அறிந்த அதே ராட்லர், சோழமண்டலக் கரையின் செடிகளை உலர்த்திப் பெயரிட்டு அனுப்பியவர். அவர் 1836இல் சென்னையில் காலமானார்.

இதன் பின்னரே எலியட்டின் காலம் வருகின்றது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அவர் 1821இல் சென்னை மாகாண அரசுப் பணிக்கு வந்து, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழிலும் இந்துஸ்தானியிலும் தேர்ச்சி பெற்றுப் பரிசு பெற்றார். 1824இல் கித்தூர்க் கிளர்ச்சியின்போது சிறைப்பட்டு மீண்டார். தென்மராட்டிய நாட்டுப் பாலூட்டிகளைப் பற்றி 1839இல் சென்னையில் வெளிவந்த இலக்கிய, அறிவியல் ஏட்டில் எழுதினார். கன்னட நாட்டுக் கல்வெட்டுகள் ஏறத்தாழ 600ஐப் படியெடுத்தார். 1845இல் அமராவதியில் அகழ்ந்து எடுத்த பௌத்தச் சிற்பங்கள் நெடுங்காலம் அவருடைய பெயராலேயே வழங்கின. நம் காடுகளில் வாழும் அணிலையொத்த சிறு பாலூட்டி ஒன்றின் அறிவியற்பெயரிலும் அவர் பெயர் நிலைத்துள்ளது.

1855இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் மன்றக் கூட்டத்தில் டார்வின் அவரைச் சந்தித்தார். 1856ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது மிக எளிய பொருள்: இந்நாட்டில் வளர்க்கப்படும் புறாக்களின், கோழிகளின் தோல்கள். மனிதர் பன்னெடுங்காலம் தேர்ந்து வளர்த்தமையால் உயிரினங்கள் எவ்வளவு மாறக்கூடும் என்பதை அறிய அவருக்கு உலகின் பல பகுதிகளினின்றும் சான்று வேண்டியிருந்தது. அன்று சென்னை ஆளுநரின் ஆலோசனைச் சபையில் உறுப்பினராய் இருந்த எலியட், அரசுப் பணிகளுக்கிடையே பாடம் செய்த தோல்களைத் திரட்டி அனுப்பினார். அத்துடன் சையது முகமது முசாரி என்பார் பாரசீகத்தில் எழுதிய புறா வளர்ப்பு நூலொன்றின் மொழிபெயர்ப்பையும் அனுப்பி உதவினார். அக்பர் பேரரசரின் அவையில் 20,000 புறாக்கள் இருந்தமையை அயினி அக்பரியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்திருந்த டார்வினுக்கு இது பெருந்துணையாயிற்று.

1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் முதல் அதிகாரத்திலேயே, இந்தியாவிலிருந்து தோல்களை அனுப்பிய எலியட்டுக்கு நன்றி கூறப்பட்டுள்ளது. உலகை உலுக்கியதாகக் கூறப்படும் அந்நூல் புறாக்கூண்டிலிருந்து தொடங்குகின்றது. அக்கூண்டில் நம் நாட்டுப் புறாக்களும் இருந்தன.

பெயர் எழுதப்படாதோர்

எனினும் அந்நன்றியுரையில் ஒரு வெறுமை உண்டு. புறாக்களை வளர்த்தவர் யார்? அவற்றின் வகைகளைப் பிரித்து எலியட்டுக்குச் சொன்னவர் யார்? பாடம் செய்த கைகள் எவருடையவை? அச்சிட்ட நன்றியில் அவர்களுக்கு இடமில்லை.

இதனை மற்றோர் எடுத்துக்காட்டாலும் காணலாம். சென்னைப் படையில் மருத்துவராய் இருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிய நூலை வெளியிட்டார். காடையை ஒத்த ஒரு சிறு தரைப்பறவையைப் பற்றி அதில் ஒரு செய்தி உண்டு. முட்டையிட்ட பின் பெட்டைகள் கூட்டமாய்ச் சேர்ந்து போய்விடும். சேவலே அடைகாக்கும் என்று இந்நாட்டு மக்கள் கூறுவதாக அவர் எழுதினார். 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய டார்வின் இதை எடுத்தாண்டு, இக்கூற்றை ஐயுறக் காரணமில்லை என முடிவு செய்தார். வேட்டைக்காரரோ உழவரோ கூறிய சொல் ஒன்று இவ்வாறு ஐரோப்பிய அறிவியலில் சான்றாக ஏற்கப்பட்டது. அச்சொல்லை மதித்தமை டார்வினின் நேர்மைக்குச் சான்று. சொன்னவரின் பெயர் 'நாட்டு மக்கள்' என்னும் பொதுச்சொல்லில் கரைந்து போனமை அக்காலத்தின் குறை.

1867இல் மனித முகத்தில் உணர்ச்சிகள் வெளிப்படும் முறை பற்றி ஒரு வினாப்பட்டியலை அச்சிட்டு அவர் பல நாடுகளுக்கும் அனுப்பினார். 36 பேர் விடையளித்தனர். அவர்களுள் அருட்பணியாளர் பலர். இலங்கையிலிருந்து கிளெனி என்னும் குருவானவர் சில வினாக்களுக்கு விடை எழுதினார். பம்பாய் மாகாணத்தில் பணியாற்றிய எர்ஸ்கின் என்னும் அதிகாரி எழுதியதுதான் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கின்றது. ஐரோப்பியர் முன்னிலையில் இந்நாட்டு மக்கள் தம் உணர்ச்சிகளை மறைத்துக்கொள்வது வழக்கமாகையால், உறுதியாக ஒன்றும் சொல்வது அரிது என்றார் அவர். டார்வின் இதை மறைக்காமல் 1872இல் வெளியிட்ட தம் நூலின் முகவுரையிலேயே குறித்தார். அதிகாரத்தில் இருப்பவரிடம் மக்கள் முகத்தைத் திறப்பதில்லை என்னும் இவ்வுண்மை, கேள்வி கேட்பவர் எவருக்கும் உரியது. வீடு சந்திக்கச் செல்லும் போதகருக்கும் அது பொருந்தும்.

உப்பும் விதையும்

கேட்டறிதல், வாசித்தறிதல் ஆகிய இரண்டோடு தாமே செய்து பார்த்தலையும் டார்வின் இணைத்தார். இதற்கு உப்புநீரைப் பற்றிய அவருடைய ஆய்வைக் காட்டாகக் கொள்ளலாம். புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையம் தொடங்கி மரக்காணம் உப்பளங்கள் வரை நீளும் கரையில் ஊழியம் செய்வோர் இதனை எளிதில் உணர்வர்.

1833இல் படகோனியாவின் நீக்ரோ ஆற்றருகே அவர் ஓர் உப்பேரியைக் கண்டார். மாரியில் ஆழமற்ற நீர்நிலை. கோடையில் வெண்பனி போன்ற உப்புவெளி. விளிம்பில் கரிய, நாற்றமுடைய சேறு; அதனுள் புழுக்கள்; அவற்றைத் தின்ன வரும் பூநாரைகள். மீனும் வாழ இயலாத அவ்வுவர்நீரிலும் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்தலைக் கண்டு, உலகின் எப்பகுதியும் உயிர் வாழத்தக்கதே என அவர் வியந்தார். மரக்காணத்தில் பாத்தி கட்டி உப்பு வாரும் தொழிலாளருக்கும், அருகிலுள்ள கழுவேலி ஏரியில் பூநாரைகளைக் காண்போருக்கும் இக்காட்சி புதிதாயிராது.

பின்னர் 1855இல் வேறொரு கேள்வி அவரை ஆட்கொண்டது. நிலத்தாவரங்கள் கடல் கடந்து தீவுகளை அடைந்தது எவ்வாறு? கடல்நீரில் விதை கெட்டுவிடும் என்பது பலரின் எண்ணம். அவர் உப்புநீரில் 87 வகை விதைகளை ஊறவைத்தார். 28 நாட்களுக்குப் பின்னும் 64 வகைகள் முளைத்தன. சில 137 நாட்கள் தாங்கின. ஆனால் பெரும்பாலான விதைகள் மூழ்கிவிடுமே என்ற தடை எழுந்தது. அதையும் ஏற்று, காய்களோடு உலர்த்திய 94 செடிகளை மிதக்கவிட்டார். 18 செடிகள் 28 நாட்களுக்கு மேல் மிதந்தன. இவ்விரண்டையும் கடல்நீரோட்டத்தின் வேகத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு நாட்டின் தாவரங்களுள் நூற்றுக்கு 14இன் விதைகள் 924 மைல் கடந்தும் முளைக்கலாம் என முடிவு செய்தார். அக்காலத்தே இதையொத்த சோதனையைச் செய்த பெர்க்லி என்பாரும் ஒரு குருவானவர்.

கண்ணாடிக் குப்பியும் உப்பும் தோட்டத்து விதையும் தவிர இச்சோதனைக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்கும் மனமும், தடை எழும்போது சினவாத பொறுமையுமே வேண்டியிருந்தன.

விசுவாசம் பற்றிய கடிதங்கள்

திருச்சபையோடு அவர் கொண்ட தொடர்பைக் கடிதங்களின் வழி நோக்கினால், மேடைகளில் கூறப்படுவதினும் நுட்பமான ஒரு சித்திரம் கிடைக்கின்றது. 1859 நவம்பரில், நூல் விற்பனைக்கு வருமுன்னரே அதைப் பெற்று வாசித்த சார்லஸ் கிங்ஸ்லி என்னும் குருவானவர், இக்கருத்து இறைவனைப் பற்றிய உயர்ந்த எண்ணத்தோடு முரண்பட வேண்டியதில்லை என்ற பொருளில் எழுதினார். பெயர் குறிப்பிடாமல் அக்கருத்தை டார்வின் 1860இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அமெரிக்கத் தாவரவியலாரும் உறுதியான கிறிஸ்தவருமான ஆசா கிரேயோடு, படைப்பில் திட்டம் உண்டா, துன்பம் ஏன் என்பன பற்றி அவர் நீண்ட கடிதப் போக்குவரத்து நடத்தினார். நாத்திகமாக எழுதுவது தம் நோக்கமன்று என்று 1860இல் கிரேக்குத் தெரிவித்தார். டவுண் ஊரின் குரு பிராடி இன்னஸ் அவருடைய வாழ்நாள் நண்பர். இருவரும் கொள்கையில் ஒன்றுபட்டதில்லை. ஊரின் ஏழையர் நலனுக்கான பணிகளில் பிரிந்ததுமில்லை.

எனினும் அவருடைய விசுவாசம் மெல்ல மெல்ல மங்கிற்று என்பதை நாம் மழுப்புதல் கூடாது. 1851 ஏப்ரலில் பத்து வயது மகள் ஆனி மறைந்த துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. இறைவன் இல்லையென மறுக்கும் பொருளில் தாம் நாத்திகராய் இருந்ததில்லை. அறியொணாமைக் கொள்கையர் என்பதே தமக்குப் பெரும்பாலும் பொருந்தும் என 1879இல் ஒருவருக்கு எழுதினார். திருமணத்தை ஒட்டிய காலத்தில் மனைவி எம்மா, அவருடைய ஐயங்களைக் குறித்துக் கவலையோடும் அன்போடும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். கடிதங்களை எரித்து வந்த அம்மனிதர் அதை மட்டும் வாழ்நாள் முழுவதும் காத்தார். தாம் இறந்த பின் எம்மா காணட்டும் என்று, அதை முத்தமிட்டு அழுததை அதன் மேலேயே குறித்து வைத்தார். இதை அறிந்தவர், ஐயமுற்றோரை எள்ளிப் பேசத் துணியார்.

இழந்ததும் இழவாததும்

வாசிப்பில் அவருக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. இளமையில் மில்டனைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தவர், முதுமையில் கவிதையின் ஒரு வரியையும் தாங்க இயலாதவரானார். ஷேக்ஸ்பியர் அவருக்குச் சலிப்பூட்டினார். எம்மா உரக்க வாசிக்கும் புதினங்கள் மட்டுமே எஞ்சின. அவற்றிலும் துயர முடிவுடையவற்றைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என அவர் வேடிக்கையாக எழுதினார். செய்திகளைத் திரட்டிப் பொதுவிதிகளை அரைத்தெடுக்கும் இயந்திரமாகத் தம் மனம் மாறிவிட்டதெனவும், மீண்டும் வாழ நேர்ந்தால் வாரத்தில் ஒரு முறையேனும் கவிதை வாசித்து இசை கேட்பதாகவும் 1876இல் தன்வரலாற்றில் வருந்தினார். 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் காலமான அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்தனர்.

எலியட்டின் இறுதி வேறு விதமாய் அமைந்தது. 1860இல் பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், பிற்காலத்தில் கண்பார்வையை இழந்தார். வாசிப்பவர் துணையோடும் எழுதுபவர் துணையோடும் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூலை நிறைவேற்றினார். 1887ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் அவர் மறைந்தார். அன்று காலையிலும் ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதுவித்துத் தம் கையாலேயே ஒப்பமிட்டார். அது தமிழறிஞரும் அருட்பணியாளருமான ஜி. யூ. போப்பு ஐயருக்கு உரியது. அவருடைய திருக்குறள் பதிப்பைப் பற்றிய அறிவிப்பை வாசிக்கக் கேட்டு மகிழ்ந்ததை அதில் தெரிவித்திருந்தார். புறாத் தோல்களை அனுப்பிய கை இறுதியாக ஒப்பமிட்டது குறளைப் பற்றிய மடலில் என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் மறத்தல் ஆகாது.

நமக்குரிய கேள்வி

பிரசங்கத்துக்கு வாசிக்கும்போது, நாம் முன்னரே முடிவு செய்தவற்றுக்குத் துணை தேடி வாசிக்கிறோமா, அன்றி நம்மைத் திருத்தக்கூடியவற்றையும் எழுதி வைக்கிறோமா? மாறான செய்தியை உடனே குறித்துக்கொண்ட அப்பழக்கம் ஓர் அறிவியலாளருக்கு மட்டும் உரியதன்று. சத்தியம் நம்மினும் பெரிது என நம்புவோருக்கு அது இன்னும் அதிகமாக உரியது. எதிர்த்தரப்பை மறுக்குமுன் அவருடைய சொற்களை அவர் ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைக்க இயலுகின்றதா என்பதே அதற்கு நல்ல சோதனை.

இரண்டாவதாக, கேட்டறியும் கடமை. பொம்மையார்பாளையம் போன்ற மீனவர் ஊர்களில், புதுச்சேரித் துறைமுகக் கட்டுமானத்துக்குப் பின் கடல் கரையை அரித்து வந்திருக்கின்றது. கொண்டலும் கச்சானும் வாடையும் சோழகமும் எப்போது திரும்புகின்றன, மணல் எங்கே சேர்கின்றது, எங்கே கரைகின்றது என்பதை அங்குள்ள முதியோர் அறிவர். உப்பளத்தில் நிற்பவர் நீரின் நிறத்தைக் கொண்டே உப்பு விளையும் பக்குவத்தை உரைப்பார். இவர்களிடம் கேட்பதற்கு ஊழியரைவிட வாய்ப்புடையவர் யார்? நாம் அதிகாரியாகச் சென்றால் அவர்கள் முகத்தை மூடிக்கொள்வர். கற்க வந்தவராகச் சென்றால் பேசுவர்.

அவ்வாறு கேட்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். நாளும் இடமும் குறிப்போம். 1859இலும் 1871இலும் அச்சேறிய பக்கங்களில் விடுபட்டதை நாம் விடாதிருப்போம்: அவர்கள் இசைந்தால், சொன்னவரின் பெயரையும் எழுதுவோம்.